கழுத்துக்குப் பின்னால் ஒரு தோடு

1956, ஆகஸ்ட். வெள்ளிக்கிழமை. வேலூர்.

காலை 9.05: காலரின் பின் பொத்தான் கைநழுவித் தரையில் விழுந்தது.
9.30: தேடல் கைவிடப்பட்டது.
9.35: மாற்று ஏற்பாடு செய்யப்பட்டது.
11.20: முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கு அழைக்கப்பட்டது.
11.40: தொழிலாளர் குடியிருப்பை இடிப்பதற்கு இடைக்காலத் தடை கிடைத்தது.
பிற்பகல் 1.00: மாற்று ஏற்பாடு கழுத்தில் இல்லை என்பது தெரிந்தது.
மாலை 5.00: வாலாஜாபேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.
5.45: புறப்பட்டுப் போனார்கள்.

இது அன்றைக்கு நான் எழுதிய நாட்குறிப்பு. தொழிலில் புதியவன், மணி நிமிடத்தோடு எழுதினால்தான் வக்கீல் என்று நம்பியிருந்தேன். பிழையில்லாத குறிப்பு என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். இதில் ஒரு வரி குறைகிறது என்பது, அக்கா இறந்த பிறகு, சென்ற மாதம்தான் தெரிந்தது.

அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் தொலைந்த பொருள்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டில் ஏதாவது காணாமற்போனால் மற்றவர்களுக்கு முகம் வாடும். அக்காவுக்கு மலரும். சமையலறையில் இருந்தாலும் சரி, கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தாலும் சரி, "காணோம்" என்ற சொல் காதில் விழுந்தால் போதும், ஈரக்கையோடு ஓடிவருவாள்.

"தொலைஞ்சுதா? இன்னா தொலைஞ்சுது? யாரும் நவுராதீங்க! நின்ன எடத்துலயே நில்லுங்க!"

நிற்போம். அம்மாகூட, ஒரு காலை வாசற்படிக்கு மேல் தூக்கியபடியே நிற்பார். பிறகு விசாரணை. கடைசியாக எப்போது பார்த்தாய்? எந்தக் கையில் இருந்தது? விழுந்தபோது என்ன சத்தம் கேட்டது? குறுக்கு விசாரணையைச் சட்டக் கல்லூரியில் கற்றதாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் அதை எங்கள் வீட்டுக் கூடத்தில், அசையாமல் நின்றபடி, சாட்சியாக இருந்து கற்றேன்.

அடுத்த வீட்டுக் கம்பவுண்டர் ஒருநாள் காலையில் மூக்குக் கண்ணாடியைக் காணோமென்று புலம்பிக்கொண்டு வந்தார். அக்கா அவருடைய வீட்டுக்குள் புகுந்து கால்மணி நேரத்தில் வெற்றியோடு திரும்பினாள். கண்ணாடி அரிசிப் பானைக்குள் கிடந்ததாம். வழக்கம்போல உடனே ஒரு சீட்டு எழுதினாள். அவள் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், வெளியூர் அழைப்புகளைக் குறித்து வீணான ட்ரங்க் கால் சீட்டுகளின் பின்புறம் வெள்ளையாக இருக்கும், அவற்றை எடுத்துவருவாள். அந்தச் சீட்டு எனக்கு இன்னும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

பொருள்: மூக்குக் கண்ணாடி. கிடைத்த இடம்: அரிசிப் பானை. நேரம்: காலை 7.20. குறிப்பு: கண்ணாடி இல்லாமல் அரிசி அளக்கப் போனதாகச் சொன்னார். போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறார்.

பொருளைக் கொடுத்துவிடுவாள். சீட்டைத் தான் வைத்துக்கொள்வாள்.

எக்ஸ்சேஞ்சிலும் அவளுக்கு அதே வேலைதான். அந்நாளில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் பதனிடும் தொழில் கொடிகட்டிப் பறந்தது. சரக்கோ சென்னைக்குப் போயாக வேண்டும். விலையோ அங்கே நாழிகைக்கு நாழிகை மாறும். ஆகவே ட்ரங்க் கால் என்றால் தோல் வியாபாரிதான். தோல் முதலாளிகள் டெலிபோனில் பேசமாட்டார்கள், கூவுவார்கள். குரலைக் கேட்டதுமே இது எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை என்று அக்கா சொல்லிவிடுவாள். ஒருமுறை சென்னையிலிருந்து அவசர அழைப்பு. ஆம்பூர் முதலாளி தொழிற்சாலையில் இல்லை. "ஆள் இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போவதுதான் விதி. அன்று வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்த விதம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மூணாவது போன்லயே புடிச்சிட்டேன்டா! வெள்ளிக்கெழம தொழுகைக்கு முன்னாடி மனுஷன் எங்க இருப்பாரு? சவரக் கடையில! பக்கத்துல மருந்துக் கடையில போன் இருக்குது. அவங்கள உட்டுக் கூப்புடச் சொன்னேன். பாதி மூஞ்சில சோப்போட வந்து பேசினாராம்!"

"அவருக்கு இன்னா சேதியாம்?" என்றார் அம்மா.

"அது எனக்கு எதுக்குமா? ஆள் கெடச்சாரு இல்ல?"

அவள் உலகம் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது. கிடைத்ததா, இல்லையா.

இனிக் காலர் பொத்தானுக்கு வருகிறேன். இன்றைய வாசகர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். வக்கீல்கள் அணிந்த விறைத்த வெள்ளைக் காலர் அப்போது சட்டையோடு சேர்த்துத் தைக்கப்பட்டதல்ல. கஞ்சி போட்டுத் தேய்த்த காலர் தனி. கழுத்துப்பட்டை மட்டும் உள்ள சட்டை தனி. இரண்டையும் கழுத்துக்கு முன்னால் ஒரு பொத்தானும் பின்னால் ஒரு பொத்தானும் சேர்த்துப் பிடித்திருக்கும். தைத்து வைக்கும் பொத்தான் அல்ல. இரு தலையும் நடுவே குட்டைத் தண்டுமாக, விரல்நுனி அளவு உடுக்கையைப்போல இருக்கும். கை நழுவினால் உருளும்; உருண்டால் போய்விடும். தொலைவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் என்று அக்கா அதை முதன்முதலாகப் பார்த்ததும் சொன்னாள். சொல்லும்போது அவள் கண்ணில் தெரிந்தது மரியாதை.

நான் வக்கீலாகப் பதிவுசெய்துகொண்ட வாரத்தில் இருவரும் லாங் பஜாருக்குப் போனோம். கைவண்டிகளுக்கு நடுவே புகுந்து, உருது பேசும் ஒரு பெரியவரின் ஃபேன்ஸி கடையைக் கண்டுபிடித்தாள்.

"பாய், காலருக்குப் போடற பட்டன் வேணும். வக்கீல் காலருக்கு."

"அச்சா, காலர் குண்டி" என்றார் பாய். மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். "முன்னாடி குண்டி வேணுமா தங்கச்சி, பின்னாடி குண்டி வேணுமா?"

எங்கள் பகுதி உருதுவில் குண்டி என்றால் பொத்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் காது மடல்கள் சூடேறிச் சிவந்தன. கடையில் இன்னும் நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

அக்காவின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "ரெண்டும் குடுங்க பாய். எங்க தம்பிக்கு ரெண்டுமே இல்ல."

"முன்னாடி குண்டி கொஞ்சம் ஒசரமா இருக்கும். பின்னாடி குண்டி சப்பட்ட. வக்கீலுங்க பின்னாடி குண்டியத்தான் ஜாஸ்தி தொலைப்பாங்க. ஸ்பேர் ஒண்ணு எடுத்துக்கினு போங்க."

"வேண்டாம், போதும்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஜோடியை மட்டும் வாங்கிக்கொண்டு நான் தெருவில் இறங்கிவிட்டேன். பின்னால் பாய் சொல்வது கேட்டது. "தமிழ்ல வேற அர்த்தம்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. நாப்பது வருஷமா இதே ஊருதான். சிரிக்கிறவங்க ரெண்டு ஜாஸ்தி வாங்குவாங்க, வெக்கப்படறவங்க கம்மியா வாங்குவாங்க."

அக்கா கோட்டை அகழி வரைக்கும் வாய் திறக்கவில்லை. அங்கே வந்ததும் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். "உன் காதப் பாருடா! நீ வாயால பொய் சொன்னாலும் காது காட்டிக் குடுத்துடும். நீ எப்படிடா வக்கீலாவ?"

வெட்கப்பட்டுக் கம்மியாக வாங்கியதன் விலை, அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை தெரிந்தது.

என் சீனியர் சென்னைக்குப் போயிருந்தார். வழக்கு என் தலையில். தோல் பதனிடும் இடத்தை ஒட்டிய குடிசைகளில் பதினைந்து வருடமாக வாழ்ந்த தொழிலாளர்கள். தோல் உலர்த்தும் களத்தை விரிவாக்க வேண்டும், காலி செய்யுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவர்கள் சார்பில் வழக்குத் தொடுத்த கட்சிக்காரர் விடியற்காலையிலேயே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டைச் சாறு ஊறி மஞ்சளேறிய கைகள்.

"ஐயா, பன்னண்டு மணிக்கு கடப்பாற எடுத்துக்கினு வர்றோம்னு சொல்லிட்டாங்க. எங்க வூட்ல கைக்கொழந்த இருக்குது."

பன்னிரண்டுக்குள் தடை உத்தரவு வேண்டும். அதைத் தரவேண்டிய முன்சீப் உடை விஷயத்தில் இரும்பு. காலரும் அதன் முன்னால் தொங்கும் வெள்ளைப் பட்டியும் ஒழுங்காக இல்லாத வக்கீலிடம், "உங்கள் குரல் கேட்கிறது, ஆள்தான் தெரியவில்லை" என்பார். ஆள் தெரியாவிட்டால் மனுவும் தெரியாது. இதற்கு நடுவே மாலை ஐந்து மணிக்கு அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவள் விடுப்பு எடுத்திருந்தாள்.

ஒன்பது ஐந்துக்குப் பின் பொத்தான் விழுந்தது.

"யாரும் நவுராதீங்க!"

தலைக்குத் தேய்த்த எண்ணெயோடு ஓடிவந்தாள். கன்னத்தைத் தரையோடு ஒட்டவைத்துப் படுத்தாள். கைக்கண்ணாடியால் வெயிலைப் பிடித்துப் பீரோவுக்கு அடியில் பாய்ச்சினாள். "இதோ! இல்ல, இது அம்மாவோட ஊக்கு. இதோ! அட, போன வருஷம் காணாமப் போன சாவிடா இது!" வாசலில் நின்ற கட்சிக்காரரும் அசையாமல் நின்றார், தனக்கும் அது பொருந்தும் என்று எண்ணியிருக்க வேண்டும். இருபத்தைந்து நிமிடத்தில் மூன்று பொருள்கள் கிடைத்தன. பொத்தான் கிடைக்கவில்லை. அக்கா எழுந்து, கூடத்து மூலையில் தண்ணீர் வெளியேறும் தூம்பைப் பார்த்தாள்.

"டங்குனு ஒரு சத்தம், அப்புறம் சளக்குனு ஒண்ணு. ரெண்டு சத்தம் கேட்டுச்சு இல்ல? தூம்புல போய்ட்டுது."

"பஜாருக்கு ஓடட்டுமா?" என்றேன்.

"இன்னிக்கி வெள்ளிக்கெழம. பாய் கடை தெறக்காது. திரும்பு. கழுத்தக் காட்டு."

திரும்பினேன். என் பிடரியில் குளிர்ச்சியாக ஏதோ நுழைந்தது. அம்மாவின் குரல் உயர்ந்தது.

"அடியே, இன்னாடி பண்ற? சாயங்காலம் அவங்க வர்றாங்கடி!"

"சாயங்காலம் தானேமா? இப்ப ஒம்போதரைதான் ஆவுது."

இடது காதுத் தோட்டைக் கழற்றியிருந்தாள். ஏழு சிவப்புக் கல் பதித்தது. அம்மாவுக்கு அவருடைய தாய்வீட்டில் போட்டது. அதன் தண்டைக் காலரின் ஓட்டையிலும் சட்டையின் ஓட்டையிலும் செலுத்தி, உட்புறம் திருகாணியை முடுக்கினாள். காலர் பொத்தான் செய்ய வேண்டியதை அது அப்படியே செய்தது. "பின்னாடி குண்டி சரியாயிட்டுது" என்றாள். அதன்மேல் கோட்டு, கோட்டின்மேல் முதுகில் பைபோலத் துணி தொங்கும் கறுப்பு கவுன். "கீழ குனியாத. குனிஞ்சா குத்தும்."

குத்தியது. தலையைச் சற்றுத் தாழ்த்தினாலும் திருகாணியின் முனை பிடரியில் இறங்கியது. ஆகவே நான் முன்சீப்பை நேருக்கு நேர் பார்த்து, நிமிர்ந்து நின்று வாதாடினேன். குறிப்புத் தாளைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. எனக்கு முன்னால் எழுந்த ஒரு வக்கீலை அன்று முன்சீப்புக்குத் தெரியவில்லை. என்னைத் தெரிந்தது. "இளம் வக்கீல் தன்னம்பிக்கையோடு பேசுகிறார்" என்று முன்சீப் புன்னகைத்தார். பதினொன்று நாற்பதுக்குத் தடை உத்தரவு. எதிர்த்தரப்பு வக்கீலே தொழிற்சாலைக்கு டெலிபோன் செய்து கடப்பாறைகளை நிறுத்தினார்.

வெளியே மரத்தடியில் கட்சிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் என் விரல்களிலும் ஒட்டியது.

"ஐயா, நான் பின்னாடி நின்னுக்கினு இருந்தேன். உங்க கழுத்துல செவப்பா இன்னாமோ மினுக்குச்சுங்க. தாயத்தாங்க?"

"ஆமாம்" என்றேன். அதை நான் பொய்யாகக் கருதவில்லை.

ஒரு மணிக்குக் காலரின் பின்பக்கம் மேலேறித் தலைமுடியைத் தொட்டது. கைவைத்துப் பார்த்தேன். சட்டைக்குள்ளே, பனியன் மடிப்பில், திருகாணி மட்டும் அகப்பட்டது. தோடு இல்லை. நீதிமன்றத் தரை, தாழ்வாரம், மரத்தடி எல்லாம் தேடினேன். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து கவுனைக் கழற்றி உதறினேன், நாற்காலியில் எறிந்தேன், நடந்ததைச் சொன்னேன், மறுபடியும் நீதிமன்றத்துக்கு ஓடினேன். ஐந்து மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது வெறுங்கையோடு திரும்பினேன்.

அக்கா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். வலது காதில் தோடு. இடது காதில், ஓட்டை தூர்ந்துவிடாமலிருக்க, துடைப்பக் குச்சித் துண்டு. பக்கத்து வீட்டில் ஒரு ஜோடி கேட்டு வாங்கிவருவதாக அம்மா கெஞ்சினாராம். "இரவல் நகை போட்டுக்கினு உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டாளாம்.

வாலாஜாபேட்டையிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் வந்தார்கள். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. தாயார் திறந்தார்.

"டெலிபோன் வேலையெல்லாம் கல்யாணத்துக்கப்புறம் இன்னாத்துக்கு? உட்ருவ இல்ல?"

"உடணுமாங்க?" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் சற்று முன்னால் சாய்ந்தார். காதைப் பார்த்துவிட்டார். "பொண்ணுக்கு ஒரு காதுல தோடு இல்லியே?"

அம்மா தடுமாறினார். அக்காவின் முகம், காலையில் பார்த்த அதே முகம், மலர்ந்தது. "அது கோர்ட்டுக்குப் போயிருக்குதுங்க!"

"இன்னாது?"

"எங்க தம்பி கழுத்துல போட்டுக்கினு போய் வாதாடினான். கேஸ் ஜெயிச்சிட்டான்! அங்க இருக்கறவங்க வூடெல்லாம் தப்பிச்சுது! தோடுதான் எங்கயோ உழுந்துட்டுது."

மாப்பிள்ளை சிரித்துவிட்டுத் தாயாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த அம்மாள் காபியை முழுவதும் குடித்து, தம்ளரைக் கவிழ்த்துவைத்து, எழுந்தார். "ஒத்தத் தோட்டோட பொண்ணப் பாத்தா மனசுக்கு என்னமோ மாதிரி இருக்குது. தோடு கெடச்சதும் சொல்லி அனுப்புங்க. ஜோடியா பாத்துட்டு மேல பேசலாம்."

நீதிமன்றத்தில் நிமிர்ந்தே இருந்த என் தலை அப்போது குனிந்தது. குத்துவதற்கு எதுவும் இல்லை.

அதன்பின் அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அந்த ஜோடி சேர்ந்தால்தான் கல்யாணம். அதுவரை எந்த வரனையும் பார்ப்பதில்லை. இனி எல்லாம் தோட்டின் கையில். ஊரார் பொருளையெல்லாம் கண்டுபிடித்த அக்காவோ, தன் தோட்டைத் தேட ஒருநாளும் கன்னத்தைத் தரையில் வைக்கவில்லை. திங்கட்கிழமை நான் நீதிமன்றத் தரைப்பலகைகளைப் பெயர்த்துப் பார்க்க அனுமதி கேட்கப் போகிறேன் என்றபோது, "அத மட்டும் தேடாதடா" என்றாள். அந்தக் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டு, தேடினேன். அந்த மன்றத்தில் பதினோரு ஆண்டுகள் வாதாடினேன். எழுந்து நிற்கும்போதெல்லாம் என் கண் முதலில் தரைப்பலகை இடுக்குகளுக்குப் போகும். அது அடக்கம் என்று ஜூனியர்கள் நினைத்தார்கள்.

அறுபதுகளில் தைத்த காலருக்கு மாறினேன். காலர் வைக்கும் வட்டமான தோல் பெட்டி சும்மா கிடந்தது. ஆம்பூர்த் தோல், நல்ல வேலைப்பாடு. "சீட்டு வச்சுக்கறேன், குடுடா" என்று வாங்கிக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சில் மேற்பார்வையாளர் ஆனாள். ஓய்வு பெறும்வரை தினமும் யாரையாவது கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அம்மா காலமாகும்வரை, "தோடு கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்ப்பேன். அக்கா, "கெடைக்கும்மா" என்பாள்.

சென்ற மாதம் காரியங்கள் முடிந்த பதினேழாம் நாள், அந்தப் பெட்டியைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான சீட்டுகள். சாவி, ஊக்கு, கம்பவுண்டரின் கண்ணாடி, சவரக் கடையில் கிடைத்த முதலாளி. எல்லாவற்றுக்கும் அடியில் வலது தோடு. அதன் பக்கத்தில், ஒரு சீட்டில் மடித்து, இடது தோடு. ஏழு கல்லும் இருந்தன.

பொருள்: தோடு, இடது. கிடைத்த இடம்: தம்பி கவுனின் முதுகுப் பை. நேரம்: வெள்ளி, மாலை 4.10. குறிப்பு: தொலைந்தே இருக்கட்டும்.

நாற்காலியில் நான் எறிந்துவிட்டுப் போன கவுன். கழுத்திலிருந்து நழுவியது வேறெங்கே போயிருக்கும்? அவள் ஒரு நிமிடத்தில் எடுத்திருப்பாள். அவர்கள் வருவதற்கு ஐம்பது நிமிடம் இருந்தது. அதைக் காதில் போட அரை நிமிடம் போதும். துடைப்பக் குச்சியைத்தான் போட்டுக்கொண்டாள்.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. பிறகு கோட்டை அகழிக் கரையில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மா கேட்டிருந்தால் என் காது சொல்லியிருக்கும். அக்கா கணக்கில்லாத பேரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள்; தன்னை யாரும் கண்டுபிடிக்காதபடி இருக்கவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இதற்குமேல் நான் வாதாடப் போவதில்லை.

நாட்குறிப்பில் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன். மாலை 4.10.

இன்னும் செய்யாமல் இருப்பவை:

லாங் பஜாரில் அந்தக் கடை இருந்த இடத்துக்குப் போய், அன்று வேண்டாமென்று சொன்ன ஸ்பேர் பின் பொத்தான் ஒன்று இருக்கிறதா என்று, அந்தச் சொல்லையே சொல்லிக் கேட்பது.

அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று, கிடைத்துவிட்டது என்று சொல்வது.

வாலாஜாபேட்டைக்குச் சொல்லி அனுப்புவது.

என் மேசை இழுப்பறையில், பேனா முனைகளுக்கு நடுவே, இத்தனை ஆண்டுகளாக இருக்கும் திருகாணியை எடுத்து இடது தோட்டில் பூட்டுவது.